நட்சத்திரம் வைத்த தலைப்பிறை

எங்கள் பக்கத்தில் ஒரு கலியாண வீடியோ நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க ஒரேயொரு கேள்விதான் உண்டு. பொண்ணு வெள்ளையாக வந்திருக்கிறாளா? மாப்பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கலாம். நிக்காஹ் ஓதும் நேரத்தில் மைக் செத்திருக்கலாம். மாமனார் பல் குத்துவது நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் மன்னிக்கப்படும். பொண்ணு மட்டும் உம்மா பெற்ற நிறத்திலேயே இருந்துவிட்டால் வீடியோக்காரனுக்குத் தொழில் தெரியாது.

அந்த அளவுகோலின்படி நான் ஒரு காலத்தில் கல்முனையில் பெரிய கலைஞன். (நானாகச் சொல்லிக்கொண்டது. வேறு யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.) என் கையில் அகப்பட்ட எந்தப் பொண்ணும் நிறத்தோடு தப்பியதில்லை. கொம்பியூட்டரில் பிரைட்னஸை ஏற்றுவேன், ஏற்றுவேன், முகம் பால்கோப்பை ஆகும்வரை ஏற்றுவேன். கடைசியில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் மிஞ்சும். ஒரு முறை ஒரு பொண்ணின் உம்மா, “தம்பி, எண்ட புள்ளட மூக்கு எங்க?” என்று கேட்டார். அவருடைய கணவர், “மூக்கு கிடக்கட்டும், நிறத்தப் பாரு” என்றார். என் தொழில் தர்மம் முழுவதும் அந்த மனிதரின் ஒரு வசனத்தில் அடங்கும்.

இந்தக் கலை எனக்குச் சுனாமியால் வந்தது. எங்கள் வீடும் வாப்பாவின் கடையும் கடலோடு போயின. அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஊருக்குள் வந்திறங்கிய வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றி எழுதலாம். தோணி போனவனுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள், தையல்காரிக்குக் கோழி கொடுத்தார்கள். எனக்குக் கெமரா கொடுத்தார்கள். அதோடு ஒரு ஹோட்டலில் வைத்துப் பயிற்சியும் நடந்தது. கலர் கரெக்‌ஷன் சொல்லித்தந்த வெள்ளைக்காரர், படத்தில் வெளிச்சத்தை ஏற்றும்போது மெல்லிய விவரங்கள்தான் முதலில் சாகும், செத்தால் திரும்பி வராது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பலமுறை சொன்னாராம். “சொன்னாராம்” என்று எழுதக் காரணம், அந்த நேரம் நான் பின்மேசையில் பெட்டிஸ் தின்றுகொண்டிருந்தேன்.

இனி ஆதம்பாவா மாமா. எனக்குப் பேசி முடித்திருந்த பொண் ஃபரீனாவின் வாப்பா. நாவிதன்வெளிப் பக்கம் வயல்கள் உள்ள போடியார். நெல்லுக்கு அடுத்து அவருடைய வாழ்க்கையில் பெரிய விஷயம் பிறை. நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பெருநாள் தலைப்பிறையைத் தன் கண்ணால் கண்டு பள்ளிவாசலில் சாட்சி சொல்லவேண்டும், அதைக்கொண்டு ஊர் பெருநாள் எடுக்கவேண்டும். இதுதான் அவருடைய ஆசை. சிலர் ஹஜ்ஜுக்குப் போக ஆசைப்படுவார்கள். அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்துவிட்டார், பிறைதான் பாக்கி.

முந்திய வருடம் வீட்டு முற்றத்தில் நின்று கண்டேன் என்று ஓடிவந்து சொன்னாராம். எங்கள் பள்ளிவாசலில் சாட்சியை லேசில் விடமாட்டார்கள். எந்தத் திசை, எவ்வளவு உயரம், பிறையின் கொம்புநுனி எந்தப் பக்கம் என்று குடைவார்கள். குடைவதில் முதல் ஆள் பிடவைக்கடை காசிம் ஹாஜியார். (பெருநாள் ஒரு நாள் பிந்தினால் பிடவைக்கடைக்கு இன்னொரு நாள் வியாபாரம். இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.) மாமா பதற்றத்தில் கொம்பைக் கீழே திருப்பிவிட்டார். “ஆதம்பாவா, நீ கண்டது உண்ட புருவ முடிய” என்றார் ஹாஜியார். சபை சிரித்தது. அன்றிலிருந்து மாமாவுக்கு ஊரில் “புருவப் பிறை” என்று பட்டம். சந்தையில் மீன்காரன்கூட அதைச் சொல்லிச் சிரித்தான்.

ஆகவே அடுத்த நோன்பில் மாமா என்னைக் கூப்பிட்டார். யுத்தம் முடிந்த பிறகு வந்த நோன்பு அது. அதற்கு முந்திய வருடங்களில் பொழுது படும் மஃரிப் நேரத்தில் வயல்வெளியில் நின்று வானத்தைப் பார்த்தால், பிறையைத்தான் பார்க்கிறோம் என்பதை ஆமிக்காரனுக்கு விளங்கப்படுத்தவே விடிந்துவிடும்.

“மருமகன்,” என்றார் மாமா, “எண்ட கண்ண நம்பாட்டிப் போகட்டும். உங்கட கெமராவ நம்பத்தானே வேணும். நான் காணுறத நீங்க அப்பிடியே எடுத்துத் தாங்க. மறுகா காசிம் ஹாஜியார் என்ன சொல்றாரெண்டு பாப்பம்.”

கலியாணத்துக்கு முதல் மாமனார் கேட்கும் முதல் உதவி. நான் நெஞ்சை நிமிர்த்தி, “ஓம் மாமா, சும்மா அசத்திருவம்” என்றேன். அசத்தத்தான் செய்தேன்.

வெளியூர் ஆட்கள் நினைப்பார்கள், கடற்கரை ஊர்க்காரர் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போவார்கள் என்று. எங்கள் கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை வருவது மேற்கே, வயலுக்கு மேலே. சிறுபோகம் வெட்டி முடிந்து ஒட்டுத்தாள் மட்டும் நின்ற மாமாவின் வயலுக்கு, நாவிதன்வெளி ரோட்டால் போனோம். பக்கத்தில் பாலத்தடியில் ஒரு சோதனைச்சாவடி. யுத்தம் முடிந்தும் அதை அவர்கள் கழற்றவில்லை, வேலையும் இல்லை. அதிலிருந்த ஒரு சிங்கள ஆமிக்காரன் கெமராவைக் கண்டுவிட்டு, துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்து நின்றான்.

வானம் அன்று அழகாக இல்லை. தூசியும் வைக்கோல் எரித்த புகையுமாக, பழைய சாரம் மாதிரி ஒரு மங்கல் நிறம். பாங்கு சொன்னதும் மாமா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு வயலுக்குள் இறங்கி நின்றார். கொஞ்ச நேரத்தில் கத்தினார்.

“அந்தா! அந்தா மருமகன்! தென்ன மரத்துக்கு மேல! தோணி போல மல்லாந்து கிடக்கு! காணுறீங்களா?”

“காணுறன் மாமா, காணுறன்!” என்றேன்.

கண்டதும் உண்மைதான். கெமராவின் சின்னத் திரையில், நகத்தால் கீறினதுபோல, இருக்கோ இல்லையோ என்று ஒரு வளைந்த கோடு. அதற்குக் கீழே விரலை நீட்டியபடி மாமா. ஆமிக்காரன் என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி வானத்தையும் பார்த்தான். “ஹந்த! ஹந்த!” என்று சந்தோசத்தில் குதித்தான். சிங்களத்தில் ஹந்த என்றால் நிலா. நான் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கலைஞனுக்கு வானத்தைப் பார்க்க எங்கே நேரம்? பிறை கீழே இறங்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமிக்காரனுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். என்னிடம், “நான் பள்ளிக்குப் போறன். நீங்க நேரா எங்கட வீட்ட போய் டிவியில கொழுவுங்க. ஒண்டும் செய்யத் தேவல்ல, எடுத்தபடி காட்டினாப் போதும்” என்றார்.

நேராகத்தான் போயிருப்பேன். வழியில் என் கடை இருந்தது.

அந்தப் படத்தை அப்படியே காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. மௌலவி பார்க்கப்போகிறார், ஊர்ப் பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஃபரீனாவும் பார்க்கப்போகிறாள். இந்த அழுக்கு வானத்தையா காட்டுவது? மாப்பிள்ளைக்கு இவ்வளவுதான் தெரியும் என்று நினைக்கமாட்டாளா? ஒரு சின்னக் கலர் கரெக்‌ஷன். பொண்ணுக்குச் செய்வதை வானத்துக்குச் செய்தால் என்ன?

முதலில் பிரைட்னஸை ஏற்றினேன். அங்கேயே பிறைக்கு மவுத்து வந்துவிட்டது, உயிர் போனது எனக்குத்தான் தெரியவில்லை. தலைப்பிறை என்பது வானத்தைவிட ஒரு துளிதான் வெளிச்சம் கூடியது. அந்த ஒரு துளி வித்தியாசத்தால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. வானத்தை வெள்ளைக்கு ஏற்றினால் பிறையும் கூடவே வெள்ளைக்கு ஏறும், அதற்கு மேல் ஏற இடமில்லை. இரண்டும் ஒரே வெள்ளையாகிவிட்டால் எது பிறை, எது வானம்? கறிக்குத் தேங்காய்ப்பாலை அள்ளி ஊற்றினால் உள்ளே மீன் கிடக்கிறதா கத்தரிக்காய் கிடக்கிறதா என்று தெரியாதே, அதுபோலத்தான்.

வானம் வெளிறிவிட்டதால் கொன்ட்ராஸ்டைக் கூட்டினேன். தென்னை மரங்கள் தார் ஊற்றினதுபோல் ஆயின. மரத்தடியில் நின்ற மாமாவும் தாராகிவிட்டார். முகம், தாடி, நீட்டிய விரல் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டி. (பிறையைத்தான் அழித்தேன் என்றால் சாட்சியையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.) பிறகு நிறத்தைக் கூட்டினேன். வானம் ஒரேஞ்ச் பார்லிச் சோடா நிறத்துக்கு வந்தது. ஆனால் மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிறத்தைக் கூட்டினால் புள்ளிகளும் கூடும். வானம் முழுக்க எறும்பு ஊர்ந்தது. அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. பொண்ணுகளின் முகப்பருவைத் துடைக்க நான் பாவிக்கும் ஸ்மூத். அதை ஒரு தடவு தடவினேன். எறும்பு போனது. பிறையில் ஏதும் மிச்சசொச்சம் இருந்திருந்தால் அதுவும் போனது. கொம்பியூட்டருக்குப் பருவும் ஒன்றுதான், பிறையும் ஒன்றுதான்.

இவ்வளவும் செய்யும்போது பிறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் டைட்டில் போடுவதில் மும்முரமாக இருந்தேன். கலியாண டைட்டில்களுக்கு வைத்திருந்த பொன்நிறப் பிறை ஒன்று இருந்தது. நடுவில் ஒரு நட்சத்திரம், தானாகச் சுற்றும். அதை எடுத்து, அழகுக்கு, வானத்தின் ஒரு மூலையில் வைத்தேன். கீழே “ஆதம்பாவா போடியார் கண்ட தலைப்பிறை” என்று மின்னும் எழுத்து. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை. கையில் வேறு டேப் இல்லாததால், கெமராவில் இருந்த அதே டேப்பில், முதல் எடுத்ததற்கு மேலேயே இதைப் பதிந்துகொண்டேன். கொம்பியூட்டருக்குள் ஏற்றியிருந்ததையும் இடம் பிடிக்கிறதென்று அழித்துவிட்டேன். அந்த அழுக்குப் படம் இனி யாருக்கு வேண்டும்?

மாமாவின் வீடு பள்ளிவாசலுக்கு எதிரே. மண்டபத்தில் புது டிவி இருந்தது. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பொண் வீட்டுக்குக் குடிவரவேண்டும். டிவி எங்களுக்காக வாங்கியது, அதனால் மேலே போட்டுவந்த பொலித்தீன் கவரைக்கூட மாமி கழற்றவில்லை. மௌலவி, காசிம் ஹாஜியார், இன்னும் சில பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் ஊர்ச்சனம். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள்.

மௌலவி முதலில் மாமாவை விசாரித்தார். மாமா இந்த முறை பிசகவில்லை. “மேக்குப் பக்கம், தென்ன மரத்துக்கு ஒரு முழம் மேல. கொம்பு ரெண்டும் மேல பாத்து, தோணி போல மல்லாந்து கிடந்திச்சி. வல்லாஹி, இந்தக் கண்ணால கண்டன்.”

“ஒரு சாட்சி காணாது. பெருநாளைக்கு ரெண்டு பேர் வேணும்” என்றார் ஹாஜியார்.

“மருமகனும் கண்டார்” என்றார் மாமா.

மௌலவி என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க கண்ணால கண்டீங்களா?”

நோன்பு காலம். பள்ளிவாசலுக்கு முன்னால். பொய் சொல்ல முடியாது. “கெமராவால கண்டன் மௌலவி” என்றேன்.

“வானத்தப் பாக்கலையா?”

“எடுத்துக்கொண்டிருந்தன்...”

வாசலில் ஒரு சிரிப்பு ஓடியது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாப்பிள்ளைக்கான மரியாதை பாதி போயிருந்தது. அவர் அவசரமாக, “பாலத்தடி ஆமிக்காரனும் கண்டான்” என்றார். “முஸ்லிமில்லாத அவனக் கூட்டி வந்து சாட்சி சொல்லவைக்கப் போறியா?” என்றார் ஹாஜியார்.

மௌலவி நல்ல மனிதர். “படம் சாட்சி ஆகாது. ஆனா இவர் எதக் கண்டாரெண்டு விளங்கிக்கலாம். போடுங்க பாப்பம்” என்றார். நான் பொத்தானை அமத்தினேன்.

டிவி நிறைய ஒரேஞ்ச் பார்லி வந்தது. அதன் மூலையில் பொன்நிறப் பிறை தகதகவென்று எழுந்தது. ஓரத்திலிருந்த ஒரு பெரியவர் சொக்கிப்போனார். “மாஷா அல்லாஹ்! என்ன தெளிவு!”

“தெளிவாத்தான் இரிக்கி,” என்றார் காசிம் ஹாஜியார். “சுத்துது.”

பிறை இன்னொரு சுற்றுச் சுற்றியது.

“நட்சத்திரமும் இரிக்கி,” என்றார் ஹாஜியார். “ஆதம்பாவா தோணி மாதிரி மல்லாந்து கிடந்திச்சி எண்டார். இது அருவாள் மாதிரி நட்டுக்கு நிக்கிது. இதில எதுக்கு நாங்க பெருநாள் எடுக்கிற?”

மௌலவி மிக மெதுவாகக் கேட்டார். “தம்பி, இந்தப் பிறை நீங்க வெச்சதா, அல்லாஹ் வெச்சதா?”

“நான்தான் வெச்சன் மௌலவி. அழகுக்கு.”

“அப்ப அல்லாஹ் வெச்சது எங்க?”

எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று தேடினேன். தென்னை மரத்துக்கு மேலே ஒரே பார்லி. திடீரென்று ஒரு மெல்லிய வளைந்த கோடு பளபளத்தது. “இந்தா! இதுதான்!” என்று விரலை வைத்தேன். காசிம் ஹாஜியார் எழுந்து வந்து பொலித்தீன் கவரைத் தூக்கினார். பிறையும் கவரோடு மேலே போனது.

வாசல் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. “முதல் எடுத்ததப் போடுங்க. எடுத்தபடியே போடுங்க.”

“அதுக்கு மேலதான் மாமா இத அடிச்சிரிக்கன்.”

மாமா கதிரையில் அப்படியே சாய்ந்தார். புருவப் பிறையாவது பரவாயில்லை, அது கண் செய்த பிழை. இது மருமகனை வைத்துக் கள்ளப் பிறை செய்த கதையாகிவிட்டது, அதுவும் நோன்பு நாளில். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே பிசகில்லாத சாட்சியை நான் பார்லி ஊற்றிக் கழுவியிருந்தேன்.

சபை கலைய முதல், பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. வேறோர் ஊரில் பிறை கண்டதாகக் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறது, நாளை பெருநாள். தக்பீர் முழங்கியது. ஆளையாள் கட்டிப்பிடித்தார்கள். காசிம் ஹாஜியார் கடை திறக்க ஓடினார். மாமா கண்டது சரி என்று அவரிடம் வந்து ஒருவராவது சொல்லவேண்டுமே? ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் இறைச்சி வாங்க நேரமாகிவிட்டது. சரியாகக் கண்ட மனிதரை விட்டுவிட்டு, கண்டதாக அறிவிக்கப்பட்டதைக் கொண்டாடப் போனார்கள். அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம். ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மாமா தானே எழுந்து டிவியின் வயரைப் பிடுங்கினார். திரைச்சீலைக்குப் பின்னால் மாமி, “இந்த மாப்பிள தேவையா?” என்று கேட்டது நன்றாகக் கேட்டது. அதையும் மீறி ஒரு பெண் விக்கல் எடுக்கும்வரை சிரிப்பதும் கேட்டது. அது ஃபரீனா என்று பிறகுதான் அறிந்தேன்.

“கலியாணத்த நிப்பாட்டுவமா?” என்றார் மாமி.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை எனக்கிருந்த “நீங்க” அந்த இடத்தில் முடிந்தது. “நிப்பாட்டினா இவன் ஊருக்குள்ள சும்மா திரிவான்,” என்றார். “இஞ்சயே கிடக்கட்டும். எண்ட கண்ணுக்கு முன்னால கிடந்தாத்தான் வேற எதையும் துடைக்கமாட்டான். டேய், நாளைக்குத் தொழுதுபோட்டுச் சாப்பிட வா.”

எங்கள் கலியாண வீடியோவை வேறோர் ஆள் எடுத்தார். நிறத்தில் கை வைத்தால் கையை வெட்டுவேன் என்று மாமா அவரிடம் சொல்லியிருந்தார். ஆகவே ஊரிலேயே மூக்கோடு இருக்கும் ஒரே பொண்ணு அந்தக் காலத்தில் என் மனைவிதான். உம்மா பெற்ற நிறத்தில், அவ்வளவு வடிவாக இருக்கிறாள். என் முகத்தின் அசடும் ஒரு துளி குறையாமல் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி உண்டு. சந்தையில் நல்ல பாரை மீன் கிடந்தது என்று சொன்னால், ஃபரீனா கேட்பாள், “நட்சத்திரம் இரிக்கா?” பிள்ளையின் மார்க்ஸைச் சொன்னால் மாமி கேட்பார், “நட்சத்திரம் இரிக்கா?” இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் குடும்பம் முழுவதும் வயலுக்குப் போகும். நான் வீட்டில் இருக்கவேண்டும், கெமரா பெட்டிக்குள் இருக்கவேண்டும். இது மாமாவின் சட்டம்.

போன நோன்பில் அந்தச் சட்டம் மாறியது. மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், அது பெருநாளைக்குப் பிந்தித்தான். இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதே வயல், அதே தென்னை. சோதனைச்சாவடி மட்டும் இல்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டு நெடுநேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

“மருமகன், எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. உங்களுக்குத் தெரியிதா?”

இத்தனை வருடத்துக்குப் பிறகு “உங்களுக்கு” என்றார். கையில் கெமரா இல்லை. தலையைத் தூக்கி, என் சொந்தக் கண்ணால், நன்றாகப் பார்த்தேன்.

“ஓம் மாமா. தோணி போல மல்லாந்து கிடக்கு.”

மாமா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நட்சத்திரம் இரிக்கா?”

“இல்ல மாமா.”

“அப்ப சரி,” என்றார். “வாங்க, பள்ளிக்குப் போய்ச் சொல்லுவம்.”